ஏற்றுமதிப் பீங்கானைத் திருப்பிப் பார்ப்பது எப்படி? சீன, ஜப்பானியத் தட்டுகளை இனங்காணப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய சீனத் தட்டு ஒன்று கைக்கு வந்ததும் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் செய்வது, அடியில் உள்ள எழுத்தைப் படம் பிடித்து நாலு பேரிடம் அர்த்தம் கேட்பது. இந்த வழிகாட்டியில் அந்த வேலை கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஏற்றுமதிக்கென்று செய்த பீங்கானில் மிக எளிதாக ஏமாற்றுவது முத்திரைதான். மண், அதன்மேல் கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சு, தட்டு நிற்கும் அடிவளையம் ஆகியவற்றில் பொய் சொல்ல நிறையச் செலவாகும்.

இங்கே பேசப்போவது பீங்கான் மட்டும், ஏறக்குறைய 1570 முதல் 1950 வரை. அரக்கு வேலை, தந்தம், வெள்ளிச் சாமான், கம்பி பதித்த எனாமல் எல்லாம் அதே கப்பல்களில் போனவைதான். ஆனால் அவற்றைச் சோதிக்கும் முறை வேறு.

தெரிந்திருக்க வேண்டிய வரலாறு, சுருக்கமாக

சீன ஏற்றுமதிப் பீங்கானின் தலைமை ஊர் ஜியாங்சி மாகாணத்து ஜிங்தெசென். கயோலின் களிமண்ணையும் அரைத்த பீங்கான் கல்லையும் கலந்து, சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுட்டார்கள். ஐரோப்பியரில் போர்த்துக்கீசியர் முதலில் வாங்கினார்கள். 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய பிறகு சரக்கு பெருகியது. 1644-இல் மிங் அரசு விழுந்து சீனாவில் உள்நாட்டுப் போர் நீண்டபோது சரக்கு வரத்து சுருங்கியது. டச்சுக்காரர்கள் ஜப்பானின் அரிதா பக்கம் திரும்பினார்கள். 1659-இல் அவர்கள் அங்கே கொடுத்த ஆர்டர் 50,000 உருப்படிகளுக்கு மேல். அரிதாவில் செய்த பீங்கான் இமாரி துறைமுகம் வழியாக வெளியேறியதால் அதற்கு இமாரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1680-களில் ஜிங்தெசென் மீண்டும் எழுந்ததும் ஜப்பானியரால் விலையில் போட்டியிட முடியவில்லை. 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்களுக்குத் திறந்திருந்த ஒரே சீனத் துறைமுகம் கான்டன், அதாவது இன்றைய குவாங்சோ. அந்தக் காலத்தில் ஜிங்தெசென்னில் சுட்ட வெள்ளைத் தட்டுகளை கான்டனுக்குக் கொண்டுவந்து, அங்கேயே வாங்குபவர் கேட்ட சித்திரத்தை வரைந்து, இரண்டாம் முறை குறைந்த சூட்டில் சுட்டுக் கொடுத்தார்கள். மண்ணும் சித்திரமும் இரண்டு ஊர்களைச் சேர்ந்தவை என்பதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

கருவிகளும் முதல் கொள்முதலும்

10 மடங்கு பெருக்கும் லென்ஸ், சிறிய எல்இடி டார்ச், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், ஸ்கேல், சமையலறைத் தராசு, தடிமனான துவாலை. இவ்வளவு போதும். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். மூடி இருந்தால் முதலில் மூடியைத் தனியே எடுத்து வையுங்கள். கைப்பிடியையோ மூடிக் குமிழையோ பிடித்து எதையும் தூக்காதீர்கள். ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் அதுதான்.

முதலில் வாங்குவது உடைந்த தட்டாகவே இருக்கட்டும். பாதி போன 18-ஆம் நூற்றாண்டுத் தட்டு ஒன்று, பத்து முழுத் தட்டுகளைவிட அதிகம் கற்றுத்தரும். உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள்: பீங்கானின் உட்பகுதி வெள்ளையாக, நெருக்கமாக, சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் மினுங்கும், பூச்சும் உடலும் ஒன்றாக உருகிப் பிடித்திருக்கும். உடைந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சாது. சாதாரண மண்பாண்டத்தில் தண்ணீர் உடனே உள்ளே இறங்கும், பூச்சு தனி ஏடாகத் தெரியும். இந்த ஒரு வேறுபாடு கண்ணுக்குப் பழகிவிட்டால் கடையில் பாதிப் பொருள்களைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் வண்ணத் தட்டுகளைப் பார்க்கும்போது பையில் ஒரு சிறு காந்தமும் இருக்கட்டும். எனாமல் பூசிய இரும்புத் தட்டு காந்தத்தில் ஒட்டும். அது தனிச் சேகரிப்பு. பீங்கான் கணக்கில் வராது.

படி 1: கவிழ்த்து, அடிவளையத்தைப் படியுங்கள்

துவாலையின் மேல் பொருளைக் கவிழ்த்து வையுங்கள். தட்டு நிற்கும் அந்த வட்ட விளிம்புதான் அடிவளையம். சூளையில் தாங்கியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அங்கே மட்டும் பூச்சைச் சுரண்டிவிடுவார்கள். உடல் மண் வெறுமையாகத் தெரியும் ஒரே இடம் அது. மொத்தச் சோதனையில் பாதி நேரத்தை இங்கே செலவிடலாம்.

18-ஆம் நூற்றாண்டுச் சீனத் தட்டென்றால், பூச்சு முடிந்து வெறும் மண் தொடங்கும் கோட்டில் மெல்லிய ஆரஞ்சு அல்லது துருச் சிவப்பு நிறம் ஓடும். மண்ணில் இருக்கும் சிறிதளவு இரும்பு சூட்டில் வெளியே வந்து தந்த நிறம் அது. தொட்டால் வழவழப்பாக, நன்றாகக் கடைந்ததாக இருக்கும். அதே நிறத்தைத் தூரிகையால் பூசிய போலிகள் உண்டு. அவற்றில் நிறம் வளையம் முழுவதும் ஒரே அடர்த்தியில் இருக்கும், சில சமயம் பூச்சின் மேலும் ஏறியிருக்கும். இயற்கையாக வந்தது ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் காணாமலே போகும்.

வான்லி பேரரசர் காலத்திலிருந்து (1573–1620) 1640-கள் வரை ஐரோப்பாவுக்குப் போன கிராக் என்ற நீல வெள்ளை வகையில் அடையாளம் வேறு. உடல் மெலிது. அடிவளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். அடியின் நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்லிய ஆரக் கோடுகள் தெரியும். சக்கரத்தில் சுழலும்போது சீவுளி அதிர்ந்து விட்ட தடம் அது. விளிம்பில் பூச்சு ஆங்காங்கே பூச்சி அரித்ததுபோல் பெயர்ந்திருக்கும். உடலும் பூச்சும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்கியதே காரணம். இதைச் சேதமென்று சொல்லி விலை குறைப்பது தவறு. இது அறவே இல்லாத கிராக் தட்டைத்தான் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மணல் சொரசொரப்பாக, கட்டிகட்டியாக, வளையம் முழுக்க அப்பியிருந்தால் அது ஃபுஜியனின் ஜாங்சோ பகுதியில் தென்கிழக்கு ஆசியச் சந்தைக்காக அவசரமாகச் செய்த பெரிய தட்டாக இருக்கலாம். கடைக்காரர்கள் சுவாட்டோ என்பார்கள்.

ஜப்பானிய அரிதாத் தட்டில் தேட வேண்டியது வேறு. அடிவளையத்துக்குள்ளே, பூச்சிட்ட பகுதியில் கடுகளவு சிறு மேடுகள் மூன்று, நான்கு, ஐந்து இருக்கின்றனவா? சுடும்போது தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்கக் களிமண் கூம்புகளை முட்டுக் கொடுப்பார்கள். பிறகு தட்டி எடுத்தாலும் தடம் மிஞ்சும். சீனத் தட்டுகளில் இது அரிது. பெரிய தட்டில் இந்த முட்டுத் தடம் தெரிந்தால் ஜப்பான் பக்கம் மனம் சாயலாம். ஆனால் தடம் இல்லை என்பதற்காகச் சீனம் என்று முடிவு கட்ட வேண்டாம். சிறிய ஜப்பானியத் தட்டுகளுக்கு முட்டே தேவைப்பட்டிருக்காது.

படி 2: வெளிச்சமும் எடையும்

டார்ச்சைப் பின்புறம் வைத்துப் பாருங்கள். மெலிந்த பகுதியில் வெளிச்சம் ஊடுருவினால் பீங்கான். துளியும் ஊடுருவாமல், தந்த நிறத்தில், மேற்பரப்பெங்கும் வலைபோல் நுண்வெடிப்பு இருந்தால் அது ஜப்பானிய சத்சுமாவாக இருக்கலாம். அது மண்பாண்ட வகை. 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு மேற்கில் அதற்கு வந்த மோகத்தால் கியோட்டோ, ஒசாகா, யோகோகாமா எல்லா இடத்திலும் அதைச் செய்து குவித்தார்கள்.

ஒரே விட்டமுள்ள சீன, ஜப்பானியத் தட்டுகளை நிறுத்துப் பார்த்தால் ஜப்பானியது பெரும்பாலும் கூடுதல் எடை காட்டும். அளவையும் எடையையும் எப்போதும் குறித்து வையுங்கள். ஒரு வருடக் குறிப்பு சேர்ந்தபின் கை தானாகவே எடை போடும்.

படி 3: நீலத்தையும் மற்ற நிறங்களையும் பிரித்துப் பாருங்கள்

நிறத்தின் மேல் விரலை ஓட்டுங்கள். கோபால்ட் நீலத்தைச் சுடுவதற்கு முன்பே உடலில் வரைந்து, மேலே பூச்சிடுவார்கள். அதனால் தடவினால் ஒன்றும் தட்டாது. சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு, பொன் ஆகியவை பூச்சின் மேல் வைத்து மறுபடி சுட்டவை. விரலுக்கு மேடு தெரியும், சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு மாறும்.

இளஞ்சிவப்பு ஒரு நல்ல காலக்குறி. தங்கத்திலிருந்து கிடைக்கும் அந்த நிறம் சீன ஏற்றுமதிப் பீங்கானில் புழக்கத்துக்கு வந்தது 1720-களில். இளஞ்சிவப்பு ரோஜா வரைந்த தட்டைக் காட்டி "1690, காங்ஷி காலம்" என்று ஒருவர் சொன்னால் மேலே கேட்கத் தேவையில்லை. பச்சை மேலோங்கி, இரும்புச் சிவப்பும் மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் சேர்ந்து, இளஞ்சிவப்பே இல்லாமல் இருந்தால் காங்ஷி பேரரசர் காலத்துக்கு, அதாவது 1662–1722க்கு, பொருந்தும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் அதே பாணியை மறுபடி செய்தார்கள் என்பதால் அடிவளையமும் ஒத்துப்போக வேண்டும்.

புதியவர் அதிகம் குழம்புவது சீன இமாரியிலும் ஜப்பானிய இமாரியிலும். இரண்டிலும் நீலம், சிவப்பு, பொன் என்ற அதே மூன்று நிறங்கள். ஜப்பானிய மூலத்தில் நீலம் கருத்து, ஓரம் கசிந்து நிற்கும். சிவப்பு தடித்து, கொஞ்சம் பழுப்பாக, ஒளி புகாமல் இருக்கும். பூச்சில் லேசான சாம்பல் நீலம். ஐரோப்பியச் சந்தையைத் திரும்பப் பிடிக்கச் சீனர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த நகலில் சிவப்பு மெலிதாக ஆரஞ்சு பக்கம் சாயும், கோடு கூர்மையாக இருக்கும், உடல் வெளுப்பாகவும் இலேசாகவும் இருக்கும்.

இந்த வேறுபாட்டைப் பழக அருமையான ஒரு பாடம் உண்டு. 1734-இல் டச்சுக் கம்பெனி கொர்னேலிஸ் பிரோங்க் என்ற ஆம்ஸ்டர்டாம் ஓவியரிடம் சித்திரங்கள் வரையச் சொன்னது. குடை பிடித்த பணிப்பெண்ணோடு நீர்ப்பறவைகளைப் பார்த்து நிற்கும் சீமாட்டியின் படம் அவற்றுள் புகழ்பெற்றது. அதே படம் சீனாவிலும் ஜப்பானிலும் பீங்கானில் ஏறியது. இரண்டின் புகைப்படங்களையும் அருகருகே வைத்து, முகம், நீலம், விளிம்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் ஒரு மாலைப்பொழுதில் கண் தெளிந்துவிடும்.

லென்ஸில் நிறம் சிறுசிறு புள்ளிகளாகவோ, செதுக்கிய கோடுகளின் அச்சாகவோ தெரிந்தால் அது கையால் வரைந்ததல்ல. பாலம், இரண்டு பறவைகள், தொங்கும் வில்லோ மரம் கொண்ட அந்த நீலத் தட்டைச் சீனம் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். அந்த வடிவம் 1790 வாக்கில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உருவாகி, அச்சில் ஒட்டப்பட்டது. விளிம்பு அருகே அச்சுத் தாளின் இணைப்பு பிசகியிருப்பதை லென்ஸில் பார்க்கலாம்.

படி 4: யார் கேட்டு வாங்கியது?

வடிவம்தான் வாங்கியவரின் முகவரி. கைப்பிடியுள்ள பீர்க் குவளை, உப்புக் கிண்ணம், மூடியிட்ட சூப் பாத்திரம் எதுவும் சீனர் வீட்டுச் சாமான் இல்லை. 1635-இலேயே டச்சுக்காரர்கள் தாய்வானில் மரத்தால் செய்த மாதிரிகளைக் கொடுத்து "இதுபோல் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். தட்டையான அகன்ற விளிம்புள்ள உணவுத்தட்டும் ஐரோப்பியர் கேட்டதுதான்.

குடும்பச் சின்னம் வரைந்த தட்டு கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ஐரோப்பியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான செட்டுகளை இப்படி ஆர்டர் கொடுத்தன. கேடயம் நெடுக்காகப் பிளந்து இரண்டு குடும்பச் சின்னங்கள் பாதிப்பாதியாக இருந்தால், பெரும்பாலும் திருமணத்துக்குப் பின் செய்தது. திருமண ஆண்டு கிடைத்தால் தட்டின் காலம் சில ஆண்டு இடைவெளியில் சிக்கிவிடும். பெயருள்ள ஆவணம் ஒன்றைப்போல் இது உதவுவதால்தான் இந்த வகையில் போலியும் அதிகம். கழுகு போட்ட தட்டுகள் அமெரிக்கச் சந்தைக்குரியவை. அங்கிருந்து முதல் கப்பலான எம்ப்ரஸ் ஆஃப் சைனா கான்டனுக்குப் போனது 1784-இல். அதற்கு முந்தைய காலத்தை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐரோப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆசியச் சந்தை கண்ணில் படாது. சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசவைக்கென்று செய்த பென்சரோங் என்ற பலவண்ணப் பீங்கான்; பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் குடியேறிய சீனர் வழிவந்த பெரனாக்கன் குடும்பங்களுக்குச் செய்த அடர் இளஞ்சிவப்பு, பச்சைப் பின்புலத்தில் பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் கொண்ட நோன்யா சாமான் எல்லாம் ஏற்றுமதிப் பீங்கான்தான். கம்செங் என்ற மூடியிட்ட ஜாடிகள் மலேசியத் தமிழர் பலரும் பார்த்திருக்கக்கூடியவை. இன்னும் பின்னால் போனால் இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. டச்சுக்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இந்தக் கடை நம் கரையில் திறந்திருந்தது.

படி 5: இப்போது முத்திரை

ஆறெழுத்து முத்திரையை மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் இரண்டும் வம்சம், நடு இரண்டும் பேரரசரின் ஆட்சிப்பெயர், கடைசி இரண்டும் "ஆட்சியில் செய்தது". "தா மிங் செங்ஹுவா நியன் ஜி" என்று இருந்தால் 1465–1487 ஆட்சியைக் குறிக்கும். ஆனால் அந்த முத்திரையைக் காங்ஷி காலச் சீனரும் போட்டார்கள், அரிதாக்காரரும் போட்டார்கள், 19-ஆம் நூற்றாண்டிலும் போட்டார்கள். பழைய காலத்தை மதித்துப் போடுவது அங்கே வழக்கம். எல்லா நேரமும் ஏமாற்றும் நோக்கத்தோடு போட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1677-இல் ஜிங்தெசென் அதிகாரி பேரரசர் பெயரைப் பாத்திரத்தில் எழுதத் தடை போட்டபோது, இலை, தாமரை, அல்லது வெறும் இரட்டை வட்டம் போட்டுச் சமாளித்தார்கள்.

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சந்தைத் தட்டுகளில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது. குடும்பச் சின்னம் முன்புறமும், பேரரசர் முத்திரை பின்புறமுமாக ஒரு தட்டு வந்தால் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

நம்பத் தகுந்த முத்திரை ஆங்கில எழுத்தில் நாட்டின் பெயர்தான். 1890-இல் இயற்றிய அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டம், 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் போடச் சொன்னது. ஜப்பானியர் "நிப்பான்" என்று போட்டார்கள். 1921-இல் அது செல்லாது என்றதும் "ஜப்பான்" என்று மாறியது. "ஆக்குபைட் ஜப்பான்" என்று இருந்தால் போருக்குப் பின் 1952 வரையிலான ஆக்கிரமிப்புக் காலத்தது. நொரிடாகே என்ற ஜப்பானியக் கம்பெனியின் தட்டுகளுக்கும் இந்தக் கணக்கு நன்றாக உதவும். அந்தக் கம்பெனியின் ஆலை தொடங்கியது 1904, முதல் முழு டின்னர் செட் வந்தது 1914. ஒரு எச்சரிக்கை: பெயர் இல்லை என்பதால் 1891க்கு முந்தையது ஆகிவிடாது. ஒட்டிய காகிதம் உரிந்திருக்கலாம், வேறு நாட்டுக்குப் போனதாக இருக்கலாம், எழுத்தை அரைத்தே எடுத்திருக்கலாம். அரைத்த இடத்தில் பூச்சின் பளபளப்பு செத்திருக்கும்.

படி 6: ஒட்டுவேலையும் மேல்பூச்சும்

தட்டை மூன்று விரல் நுனியில் நிறுத்தி விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். மணிபோல் நீண்டால் நல்லது, "டக்" என்று அறுந்தால் எங்கோ விரிசல். மண்பாண்ட சத்சுமாவுக்கு இந்தச் சோதனை உதவாது. மயிரிழை விரிசலை டார்ச்சை விளிம்புக்கு இணையாகப் பிடித்துத் தேடுங்கள்.

அடுத்து இருட்டறையில் புறஊதா டார்ச். பழைய பிசினும் மேல்பூச்சும் பல சமயம் சுற்றிலும் இருக்கும் பகுதியிலிருந்து வேறாக ஒளிரும். புதிய பழுதுபார்ப்புப் பொருள்கள் சில ஒளிராது. ஆகவே ஒளிரவில்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. சந்தேகமான இடத்தைக் கீழுதட்டில் வைத்துப் பாருங்கள். பீங்கான் சில்லென்றும் பிசின் மந்தமாகவும் இருக்கும். பின்புறம் உலோகக் கவ்வி தைத்திருந்தால் மறைக்காத, நேர்மையான பழைய பழுது. விலை குறையும், ஆனால் கவ்வியைப் பிடுங்காதீர்கள், துளையிலிருந்து விரிசல் ஓடும்.

போலிகள்

பாரிஸின் சாம்சன் நிறுவனம் 1845 முதல் சீனக் குடும்பச் சின்னத் தட்டுகளைத் திறமையாக நகலெடுத்தது. சித்திரத்தைப் பார்த்தால் தடுமாறுவீர்கள். உடலைப் பார்த்தால் அளவுக்கு மீறி ஒழுங்காக, அடிவளையத்தில் துருக்கோடு இல்லாமல் இருக்கும். இன்று ஜிங்தெசென்னிலேயே செய்யப்படும் நகல்களில் மண்ணும் சரியாக இருப்பதால் தேய்மானத்தைத்தான் நம்ப வேண்டும். உண்மையான கீறல்கள் தட்டின் நடுக்குழியில் எல்லாத் திசையிலும் ஓடும், அடிவளையத்தின் உயர்ந்த பகுதி மட்டும் மழுங்கும். மணல் தாளால் தேய்த்தது ஒரே திசையில் இருக்கும். அமிலத்தில் நனைத்தது பள்ளம் மேடு பாராமல் எங்கும் மங்கியிருக்கும்.

கப்பல் மூழ்கிக் கிடந்து எடுத்த பீங்கானும் மங்கித்தான் இருக்கும், எனவே அவசரப்பட வேண்டாம். 1752-இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் சரக்கு 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. 1822-இல் மூழ்கிய தெக் சிங் கப்பலின் சுமார் 350,000 உருப்படிகள் 2000-இல் ஜெர்மனியில் விற்கப்பட்டன. கடல்நீரில் கிடந்தவற்றில் பூச்சுக்கு அடியில் இருக்கும் நீலம் தங்கும், மேல் நிறங்கள் அரிக்கப்பட்டிருக்கும். ஏல ஸ்டிக்கரும் நகலெடுக்கப்படுகிறது. ரசீதோடு வந்தால் வாங்குங்கள். தெக் சிங்கின் சிறிய கிண்ணங்கள் புதியவருக்கு ஏற்ற தொடக்கம். எண்ணிக்கை அதிகம் என்பதால் விலை அடங்கி நிற்கிறது.

சத்சுமாவில் "ராயல் சத்சுமா" என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால் சீனாவில் அண்மைக் காலத்தில் செய்தது.

வாங்கிய பின்

வெதுவெதுப்பான நீர், துளி சோப்பு, பிளாஸ்டிக் தொட்டியில் துவாலை விரித்து ஒரு நேரத்தில் ஒரு பொருள். பாத்திரம் கழுவும் இயந்திரம் கூடாது. பொன்வேலையைத் தேய்க்கக் கூடாது. சத்சுமாவை ஊறவைக்கவே கூடாது, நுண்வெடிப்பில் அழுக்கு நீர் இறங்கிக் கறையாகும். கறை போக்க ப்ளீச்சில் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உப்பு உள்ளே தங்கிப் பின்னால் பூச்சைப் பெயர்த்துவிடும். சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கம்பி விளிம்பைக் கடிக்கும், தாங்கியில் சாய்த்து வைப்பதே மேல். அடுக்கினால் இடையே துணி வையுங்கள், ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்.

மேல்நிறங்களில் ஈயம் உண்டு. புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், ரசம் எதையும் அதில் பரிமாறாதீர்கள்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டில் வாங்கி எடுத்து வருபவர்கள் ரசீதையும் சுங்கத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் திரும்ப எடுத்துச் செல்ல நேர்ந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டியிருக்கும்.

கண் பழக நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சீன, ஜப்பானியப் பொருள்களுக்குத் தனிக் கூடங்கள் உண்டு. சிங்கப்பூர் போனால் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தையும் பெரனாக்கன் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டு நிமிர்ந்தே இருக்கும், அடி தெரியாது. அதனால் ஏல நிறுவனங்கள் விற்பனைக்கு முன் வைக்கும் பார்வை நாள்களுக்கும் போய்வாருங்கள். வாங்காவிட்டாலும், கேட்டால் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க விடுவார்கள்.